ஞானஸ்நானத்துக்கு மூன்று வாரம் முன்பு அம்மா போய்விட்டார். அவருக்கு இரட்சிப்பு இல்லையா?

மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மா இந்துக் குடும்பத்தில் பிறந்து வாழ்ந்தவர். 11 ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு டீச்சர் வந்து ஜெபித்திருக்கிறார். அன்றிலிருந்து இயேசுவை நம்பத் தொடங்கினார். புதிய ஏற்பாட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்து, கணவர் வேலைக்குப் போனபின் எடுத்து வாசிப்பார். புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் போய்வருவார். கணவர் காலமான பிறகுதான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று வாய் திறந்து கேட்டார். பிப்ரவரியில் நாள் குறித்தார்கள். "பிள்ளைக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்மா, சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்து சத்தம் போடுவாங்க" என்று மகள் சொல்ல, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து அம்மா இறந்துபோனார். அண்ணன் இந்து முறைப்படி எல்லாக் காரியங்களையும் செய்தார்.

சகோதரி போகும் சபையின் பாஸ்டர், "தண்ணீரில் இறங்காதவர் பரலோகத்துக்குள் போக முடியாது. உங்க அம்மாவைப் பற்றி நான் பொய் சொல்ல முடியாது. நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பதிலாக மகள் ஞானஸ்நானம் எடுத்தால் அம்மாவும் கரையேறுவார் என்கிறார் ஜெபக்கூட்டத்தில் ஒருவர். அடுத்த மாதம் வேறொரு ஊரில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கணவருக்குத் தெரிய வேண்டாமாம். கணவர் அன்பானவர். ஞாயிறு ஆராதனைக்குப் போவதைத் தடுக்கவில்லை. ஞானஸ்நானம் என்றால் மட்டும், "பிள்ளைங்க சர்டிபிகேட் போயிடும்" என்று பயப்படுகிறார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இருக்கும் சித்தி தங்கள் ஆயரிடம் அழைத்துப்போவதாகச் சொல்கிறார். அங்கே தலையில் ஊற்றுவது ஞானஸ்நானமே இல்லை என்கிறார் பாஸ்டர். அடுத்த மாதம்தான் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. அதற்கும் போகக் கூடாது என்கிறார்கள். "எல்லாம் இருக்கட்டும் ஐயா, அம்மா இப்போ எங்கே இருக்காங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருக்கின்றன. கேள்விக்குறி இல்லாமல் ஒரு வரியும் இருக்கிறது: "பரீட்சை முடியட்டும்னு நான்தான் சொன்னேன்." மற்ற எல்லாவற்றையும் உங்களை எழுத வைத்தது இந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அம்மாவைத் தடுக்கவில்லை. இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னீர்கள். அவரும், "சரிம்மா, புள்ள படிக்கட்டும்" என்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேத்தி நிம்மதியாகப் பரீட்சை எழுத வேண்டும் என்று காத்திருந்த ஒரு பாட்டியை, அப்படிக் காத்திருந்ததற்காகவே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற கடவுளைச் சுவிசேஷங்களில் நான் கண்டதில்லை. மரணம் எந்த நாளில் வரும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை முன்வைத்து ஒரு வருடமாக உங்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

இந்தக் கூண்டு எனக்கும் பழக்கமானது. ஆயராக ஊழியம் செய்த காலத்தில் 12 ஆண்டுகள் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு ஆற்றுப்படுத்துநராக இருந்தேன். அங்கே ஒரு லாரி ஓட்டுநர் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் படுத்திருந்தார். மூன்று வாரம் தினமும் பேசினோம். ஒரு நாள், "ஐயா, நாளைக்கு எனக்குத் தண்ணி குடுத்துருங்க" என்று ஞானஸ்நானம் கேட்டார். மறுநாள் காலையிலேயே போயிருக்கலாம். எனக்கு ஒரு கூட்டம் இருந்தது, மாலைக்குத் தள்ளினேன். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, சிந்தாமல் நான்கு மாடி ஏறி வார்டுக்குள் நுழைந்தபோது, அவர் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. டம்ளரோடு அப்படியே நின்றேன். அவர் மனைவி வந்து, "இனிமே ஊத்தலாமாங்கய்யா?" என்று கேட்டார். வாய் வரவில்லை, தலையை மட்டும் அசைத்தேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, முந்தானையை அதில் நனைத்து, கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டார். மூக்கில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் பிசின் தடம் போகிறவரைக்கும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கை கொடுத்தவர் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஆயர். மிலான் நகரத்து அம்புரோசு. ரோமப் பேரரசன் இரண்டாம் வாலண்டினியன் இருபதை எட்டிய இளைஞன். ஞானஸ்நானம் கொடுக்க வரும்படி அம்புரோசுக்கு ஆள் அனுப்பியிருந்தான். அவர் புறப்பட்டு வழியில் வரும்போதே, 392-ஆம் ஆண்டு மே மாதம், இன்றைய பிரான்சில் இருக்கும் வியன் என்ற ஊரில் அவன் இறந்துகிடந்தான் என்ற செய்தி வந்தது. உடலை மிலானுக்குக் கொண்டுவந்தார்கள். சகோதரன் ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டானே என்று அவன் சகோதரிகள் அழுதார்கள். அடக்க ஆராதனையில் அம்புரோசு அவர்களைப் பார்த்தே பேசினார். விரும்புவதும் கேட்பதும் தவிர நம் கையில் வேறென்ன இருக்கிறது, அவன் விரும்பினான், கேட்டான், கேட்டதைப் பெற்றுக்கொண்டான் என்பது அவர் சொன்னதன் சாரம். தண்ணீர் தொடாமல் விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளை அவர்களுடைய இரத்தமே கழுவியது என்றால், இவனை இவன் பக்தியும் விருப்பமும் கழுவின என்றார்.

இதைச் சொன்னவர் ஞானஸ்நானத்தை இலேசாக எண்ணியவர் அல்ல. அதன் மேன்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பிரசங்கித்தவர். பின்னாளில் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனுக்கு 387-இல் ஞானஸ்நானம் கொடுத்த கையும் அவருடையதுதான். அப்படிப்பட்டவரே தண்ணீர் எட்டாத ஒரு மரணத்தின் முன் கடவுளின் இரக்கத்தை அளவு பார்க்கவில்லை.

உங்கள் அம்மாவும் கேட்டார், சகோதரி. வாய் திறந்து கேட்டார், நாளும் குறித்திருந்தார்.

பாஸ்டர் காட்டிய வசனங்கள்

யோவான் 3:5, மாற்கு 16:16 என்று இரண்டு வசனங்களை அவர் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் பாரமான வசனங்கள்தான். அவற்றை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. சேர்ந்தே வாசிப்போம்.

மாற்கில், "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்பதோடு வசனம் முடியவில்லை. "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்று தொடர்கிறது. முதல் பாதியில் இரண்டு இருக்கின்றன, விசுவாசமும் ஞானஸ்நானமும். ஆக்கினையைச் சொல்லும் இரண்டாம் பாதியில் ஒன்றுதான் இருக்கிறது. "ஞானஸ்நானம் பெறாதவன்" என்ற சொல் அங்கே இல்லை. இல்லாததை நாம் சேர்த்து வாசிக்கக் கூடாது.

யோவானில், ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறக்க வேண்டும் என்று தம்மைத் தேடிவந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவிடம் இயேசு சொல்கிறார். அந்த "ஜலம்" ஞானஸ்நானத்தைக் குறிக்கிறது என்றே தொடக்கத் திருச்சபை முதல் பலரும் கொண்டார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் மூன்று வசனம் தள்ளி, அதே பேச்சில், "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது" என்கிறார். தண்ணீரைச் சொன்ன அதே வாய்தான், ஆவியானவர் எங்கே வீசுவார் என்று உனக்குத் தெரியாது என்றும் சொல்லிற்று. முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால் பாதி கேட்டவர்கள் ஆவோம்.

சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று வாக்குக் கிடைத்ததை நீங்கள் சொன்னபோது, அது ஞானஸ்நானக் கட்டளைக்கு முந்தியது, இப்போது செல்லாது என்று பாஸ்டர் மறுத்தாராமே. நல்லது, கட்டளைக்குப் பிந்தியதைப் பார்ப்போம். அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரம், செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீடு. பேதுரு பேசி முடிக்கவில்லை. அதற்குள் கேட்டுக்கொண்டிருந்த எல்லார் மேலும் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டார். தண்ணீர் அதற்குப் பிறகுதான் வருகிறது. தண்ணீர் கொண்டுவருவதற்குள் அந்தக் கூட்டத்தில் ஒரு முதியவர் உயிர் விட்டிருந்தால், சற்று முன் தம் ஆவியைத் தந்த கடவுள் அவரைத் தெரியாது என்று சொல்லியிருப்பாரா?

மறுபக்கமும் இருக்கிறது. 8-ஆம் அதிகாரத்தில் மாயவித்தைக்காரனாகிய சீமோன் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றான். ஆனாலும் ஆவியைத் தரும் அதிகாரத்தை விலைக்கு வாங்க அவன் பணத்தை நீட்டியபோது, "உன் இருதயம் தேவனுக்குமுன்பாகச் செம்மையாயிருக்கவில்லை" என்று பேதுரு சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் தண்ணீர் தேவையில்லையா?

தேவைதான். அம்மாவுக்காக நான் சொன்னதையெல்லாம் வைத்து, "அப்படின்னா நானும் இப்படியே இருந்துவிடலாமே" என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஆவியைப் பெற்றாயிற்றே, இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு கொர்நேலியு வீட்டாரை விட்டுவிடவில்லை. ஆவியைப் பெற்ற இவர்களுக்குத் தண்ணீரை யார் விலக்க முடியும் என்றுதான் கேட்டார். ஞானஸ்நானம் பெறுங்கள் என்ற கட்டளை நம்மைக் கட்டுகிறது. கட்டளையிட்டவரை அது கட்டுவதில்லை. அம்மா விஷயத்திலும் உங்கள் விஷயத்திலும் நான் பற்றிக்கொள்வது இதைத்தான்.

ஞானஸ்நானத்தை இரட்சிப்போடு மிக நெருக்கமாகச் சேர்த்துப் பேசும் சபைகளுள் ஒன்று கத்தோலிக்கத் திருச்சபை. 1992-இல் வெளியான அவர்களுடைய மறைக்கல்வி நூலே, கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு (ஞானஸ்நானத்தோடு) இணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்ற பொருளில் சொல்கிறது. அதற்கான ஆயத்தத்தில் இருக்கும்போதே இறந்தவர்களுக்கு, மனந்திரும்புதலோடும் அன்போடும் சேர்ந்த அவர்களுடைய விருப்பமே மீட்பை உறுதிசெய்கிறது என்றும் கூறுகிறது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசத்தில், தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்று கேட்டு, தண்ணீர் தானாகச் செய்வதில்லை, தண்ணீரோடு சேர்ந்த தேவ வார்த்தையும் அதை நம்பும் விசுவாசமுமே செய்கின்றன என்று பதில் தருகிறார். பாப்டிஸ்டுகள், பிரதரன் சபையார், பெந்தெகொஸ்தேயினரில் பெரும்பாலோர், இரட்சிக்கப்பட்டவர் கீழ்ப்படிந்து கொடுக்கும் சாட்சி என்று அதைப் பார்க்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் பாவமன்னிப்பே இல்லை என்று போதிக்கிற சில சபைகளும் உண்டு. உங்கள் பாஸ்டர் அந்தப் போதனையில் வளர்ந்தவராக இருக்கலாம். அவர் மனதறிய உங்களை வதைக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திருச்சபை முழுவதும் அவர் பக்கம் நிற்கிறது என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது தவறு.

ஞானஸ்நானம் என்று நாம் தமிழில் சொல்வதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துதல், முக்குதல் என்றுதான் பொருள். பவுல் ரோமர் 6-இல் அதை அடக்கம் என்கிறார்: கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழுந்திருப்பது. நான் ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தண்ணீரில் நிற்பவர் தானே முங்கி எழுவதில்லை. பின்னால் ஒரு கை தாங்க, அந்தக் கையை நம்பி உடம்பைச் சாய்க்கிறார். கண்ணை மூடுவதற்குள் பலருக்கு ஒரு கணம் பயம் வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை, அது பெற்றுக்கொள்வது. பெயர் சொல்லி உங்களை அழைத்து, நீ என்னுடையவள் என்று கடவுள் சபைக்கு முன்பாகச் சொல்லும் நாள் அது. அதனால்தான் பயத்தில் அதற்குள் ஓட வேண்டாம் என்கிறேன். "நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்" என்பது ஒருவரைத் தண்ணீருக்கு அழைக்கிற விதம் அல்ல.

அம்மாவுக்குப் பதிலாக எடுக்கலாமா?

வேண்டாம். 1 கொரிந்தியர் 15:29-இல் மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பவுல் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் "அவர்கள்" என்று பிறரைச் சுட்டித்தான் பேசுகிறார். உயிர்த்தெழுதல் இல்லையென்றால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று வாதத்துக்காக எடுத்துக்காட்டுகிறார். செய்யுங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. இன்று மார்மன்கள் என்று அறியப்படுவோர் தங்கள் ஆலயங்களில் அதைச் செய்கிறார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் அதை ஏற்பதில்லை. அதோடு, உங்கள் ஞானஸ்நானம் உங்களுடையதாக இருக்கட்டும். அம்மாவுக்குச் செலுத்தும் பரிகாரமாக அதை எடுத்தால், தண்ணீரிலிருந்து ஏறின பின்பும் அந்தக் குற்றவுணர்வு ஈரச் சேலையோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் அபூர்வமும் அல்ல. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற லுத்தரன் இறையியலாளர், ஞானஸ்நானம் பெறாமலே கிறிஸ்துவை நம்பி வாழும் தமிழ்நாட்டு மக்களைத் தேடிப்போய்ச் சந்தித்து, 1991-இல் ஒரு நூலே வெளியிட்டார். குடும்பத்துக்குள் இருந்துகொண்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் வேதத்தை வைத்திருக்கும் பெண்களை என் ஊழியத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை.

கணவருக்குத் தெரியாமல் வேண்டாம்

பிலிப்பியில் சிறைக்காவலன் நள்ளிரவிலேயே ஞானஸ்நானம் பெற்றான் என்று உங்கள் சபையில் எடுத்துக்காட்டினார்களாம். பெற்றான்தான், ஆனால் அவன் வீட்டார் எல்லாரும் கூட இருந்தார்கள். நீங்கள் 20 ஆண்டு குடும்பம் நடத்துகிற, உங்களை ஒருநாளும் கைநீட்டாத, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டுபோய் விடுகிற ஒரு மனிதருக்கு ஒளித்து இதைச் செய்தால், கிறிஸ்துவைப் பற்றி அவர் முதலில் கற்றுக்கொள்வது, கிறிஸ்துவின் பெயரால் மனைவி தன்னிடம் மறைத்தாள் என்பதாக இருக்கும்.

சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உங்களுக்கும் தந்திருக்கிறது. கணவர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆனால் சட்டத்தில் சில விளைவுகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது உங்கள் உரிமை. 1955-இன் இந்து திருமணச் சட்டப்படி, துணைவர் வேறு மதத்துக்கு மாறுவது மற்றவர் விவாகரத்துக் கேட்க ஒரு காரணம். திருமணம் தானாக முறிந்துவிடாது. அவர் வழக்குப் போட்டால்தான் கேள்வியே எழும். 1956-இன் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் கீழான பராமரிப்பு உரிமை மதம் மாறிய மனைவிக்கு இல்லை. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று அறியப்பட்டு இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கும் பராமரிப்பு உரிமை இருக்கிறது. பெற்றோர் சொத்தில் உங்கள் பங்கு மதம் மாறியதால் போகாது. 1850-ஆம் ஆண்டுச் சட்டமே அந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது.

பிள்ளைகளின் சான்றிதழ் பற்றிய உங்கள் கணவரின் பயத்தை வெறும் சாக்கு என்று தள்ளாதீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு அந்தத் தகுதியை மறுத்தபோது ஞானஸ்நானப் பதிவேடும் சாட்சியாக நின்றது. ஆனால் அங்கே முக்கியமாகப் பேசப்பட்டது சான்றிதழ் கேட்டவருடைய சொந்த ஞானஸ்நானமும், அவரே ஆலயத்துக்குத் தொடர்ந்து போய்வந்ததும். உங்கள் வீட்டில் தகப்பனும் பிள்ளைகளும் இந்துக்கள். நீங்கள் ஒருவர் எடுப்பதால் மட்டும் பிள்ளைகளின் தகுதி போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் நான் வழக்கறிஞன் அல்ல. உங்கள் ஊரில் சாதிச் சான்றிதழ் வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். அவர் பயத்தை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பதை அந்த ஒரு பயணமே அவருக்குச் சொல்லும்.

வீட்டில் பேச்சை எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் தூங்கின பிறகு, இப்படிச் சொல்லிப்பாருங்கள்: "என்னங்க, அம்மா ஆசைப்பட்டதை நானும் ஆசைப்படுறேன். உங்களுக்கு மறைச்சு செய்ய எனக்கு மனசு வரல. உங்க பயம் என்னன்னு முழுசா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்." அன்றைக்கே முடிவு கேட்காதீர்கள்.

அடுத்த மாத ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆயத்தத்துக்கு நாள் எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவல்ல. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு மூன்று ஆண்டுகள் வரைகூட ஆயத்தம் நடந்ததுண்டு. "அதற்குள் நான் செத்துப்போனால்?" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அம்மாவைப் பற்றி எழுதியதில் சொல்லியிருக்கிறேன். அதே சமயம் இதை முடிவில்லாமல் இழுக்கவும் வேண்டாம். கணவரோடு பேசி, வழக்கறிஞரைப் பார்த்து, ஓர் ஆயரிடம் முறையாகப் போதனை கேட்டு, சில மாதங்களுக்குள் ஒரு நாள் குறித்துவிடுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'டிடாக்கே' என்ற சபை ஒழுங்கு நூல், ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், அதுவும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. முழுக்கு அழகான அடையாளம். எனக்கும் அதுவே பிரியம். ஊற்றுவதும் செல்லும். 1947-இல் பல சபைகள் கூடி ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையில் முழுக்கி எடுக்கவும் இடம் உண்டு. சித்தியின் ஆயரிடம் தாராளமாகக் கேட்டுப்பாருங்கள்.

திதிக்குப் போங்கள். அண்ணன் தனக்குத் தெரிந்த வழியில் அம்மாவுக்கு மரியாதை செய்கிறார். அவருக்கும் தாயைப் பறிகொடுத்த துக்கம் இருக்கிறது. காலையிலேயே போய்க் காய் நறுக்குங்கள், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுங்கள். பிண்டம் வைக்கும் நேரத்தில் உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால், சற்றுத் தள்ளி நின்று அம்மாவுக்காக நன்றி சொல்லி ஜெபியுங்கள். அண்ணனிடம் முந்தின நாளே பக்குவமாகச் சொல்லிவைத்தால் அவருக்குக் கோபம் வராது.

அம்மா எங்கே என்று கேட்டீர்கள். பரலோகத்தின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உங்கள் பாஸ்டருக்கும் இல்லை. 11 ஆண்டுகள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாரோ அவரிடம் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். அந்த லாரி ஓட்டுநரும் அங்கேதான் இருக்கிறார் என்று நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்தேன்.

அம்மாவின் புதிய ஏற்பாடு அண்ணன் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். திதி முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு, அதை எடுத்துத் தரச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். அம்மா எந்தெந்தப் பக்கங்களில் அடையாளம் வைத்திருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.